சும்மா கிடக்கிற நிலத்துக்குக் காசோ?

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலும் அயல் ஊர்களிலும் குடியிருக்கும் தமிழ் உறவுகளுக்கு,



போன வெள்ளிக்கிழமை முருகன் கோவிலில் பூசை முடிந்து, அன்னதானத்தில் பாயசத்துக்குக் காத்திருந்த நேரம் பக்கத்து மேசையில் ஒரு கதை எழும்பியது. நிலத்தை உழாமல் புல் விட்டு வைத்திருக்கிற கமக்காரருக்குக் கியூபெக் அரசு காசு கொடுக்கிறதாம். "சும்மா கிடக்கிற நிலத்துக்குக் காசோ? நாங்கள் இரவு வேலை செய்து கட்டுற வரியெல்லாம் இப்பிடித்தான் போகுது" என்றார் உரும்பிராய் அண்ணை ஒருவர். மேசை முழுக்கத் தலையாட்டியது. நானும் கிண்ணத்தைப் பார்த்தபடி பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சீலை மாற்றும்போதுதான் சொல்லியிருக்க வேண்டியது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்த அண்ணையோடு மட்டும் கதைத்து முடிகிற விசயம் இல்லை இது. அதனால் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கோப்பாய்ப் பக்கம். அப்பா தோட்டம் செய்தவர்: வெங்காயம், மிளகாய், கொஞ்சம் புகையிலை. 1987இல் மொன்றியலுக்கு வந்தேன். அடுத்த கோடையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை வெங்காயம் பிடுங்குகிற வேலை. விடிய நாலரைக்குக் கோட்-டெ-நேஜ் சந்தியில் வான் வந்து நிற்கும். அதில் ஏறினால் ஆற்றைக் கடந்து தெற்கே ஓடி, ஷெரிங்டன் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிடும். வெங்காயத் தோட்டத்தை விட்டுக் கடல் தாண்டி ஓடி வந்து, கடைசியில் வெங்காயத் தோட்டத்துக்குள்ளேயே வந்து விழுந்திருக்கிறேன் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்.

வெங்காயம் தெரிந்ததுதான். மண் தெரியாதது. எங்கட செம்மண் மழை பெய்தால் காலைவிட்டுப் போகாது. இது கறுப்பு, அள்ளினால் கோப்பித்தூள் போல உதிரும். காற்று எழும்பினால் வயல் முழுக்கக் கறுப்புப் புகை. பின்னேரம் மூக்கைச் சீறினால் லேஞ்சி கறுத்துப் போகும். பல ஆயிரம் வருடம் சதுப்புக்குள் செடிகொடி அழுகிச் சேர்ந்த மண் அது. பிறகு வந்தவர்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துப் பயிர் வைத்தார்கள். தண்ணீர் வடிந்து காற்றுப் பட்ட நாளில் இருந்து அந்த மண் கரைந்துகொண்டே இருக்கிறது. நுண்ணுயிர்கள் தின்கின்றன, காற்று அள்ளுகிறது, உழவு இயந்திரத்தின் பாரம் அமுக்குகிறது. வருடத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீற்றர் இறங்குகிறது என்பது மண் ஆய்வாளர்களின் கணக்கு. அந்தக் கணக்குப்படி, 1988இல் நான் குனிந்து நின்ற நிலம் இன்றைக்கு என் தொடையளவு தாழ்ந்திருக்கும்.

சோர்ஸ் வீதிக் கடைகளில் நாங்கள் வாங்குகிற சலாது, கரட், வெங்காயத்தில் நிறைய அந்தக் கறுப்பு மண்ணில் இருந்துதான் வருகிறது. கடைச் சிட்டையில் வெங்காயத்தின் விலை இருக்கும், வரியும் இருக்கும். அந்த வெங்காயத்தோடு போன மண்ணின் விலை எந்த வரியிலும் இருக்காது. மண்ணைக் காப்பாற்றுகிறவனும் காப்பாற்றாதவனும் சந்தைக்கு ஒரே மாதிரி வெங்காயம்தான் கொண்டுவருகிறார்கள். காப்பாற்றுகிறவனுக்குச் செலவு கூட, விலை ஒன்றுதான். அப்படியானால் எவன் காப்பாற்றுவான்?

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதில்லை. நாங்கள் அதில் ஊரிலேயே ஒருக்கால் தோற்றுவிட்டு வந்தவர்கள்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியோடு சரி. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத்தண்ணீரைத்தான் குடித்தோம். அதைத்தான் இறைத்துத் தோட்டம் செய்தோம். அந்தத் தோட்டத்துக்கு முன்னைய ஆட்கள் போட்டது குழை. வேலிப் பூவரசில் வெட்டியது போதாமல், வெளியில் இருந்தும் காசுக்கு வாங்கிச் சால் எடுத்துத் தாழ்ப்பார்கள். போகம் முடிய மாட்டுப்பட்டி கட்டுவார்கள். சணல் விதைத்து, மஞ்சள் பூப் பூத்து நிற்கையில் அப்படியே உழுது மண்ணுக்குள் விடுவார்கள்.

1962இல் இலங்கை அரசு இரசாயனப் பசளைக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. அதற்கும் ஒரு நியாயம் இருந்தது: நாட்டுக்குச் சோறு வேண்டும். 2005 பெரும்போகத்தில் இருந்து நெல்லுக்கு 50 கிலோ மூட்டை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்தச் சலுகையின் பெரும்பகுதி நெல்லுக்குத்தான். ஆனாலும் பல பத்து வருடமாகப் பசளை மலிவாகக் கிடைத்த பழக்கம் தோட்டத்தையும் விடவில்லை. மூட்டையை அவிழ்த்து எறிவது ஒரு மணித்தியால வேலை; குழை தாழ்ப்பது ஒரு கிழமை வேலை. அப்பாவே மாறினார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். அவருக்கு ஐந்து பிள்ளைகள். வெங்காயம் எடுத்தது போக மிஞ்சிய யூரியா செம்மண்ணூடாக வடிந்து, சுண்ணாம்புக் கல் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்குள் இறங்கியது. 1980களிலேயே வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. அந்தத் தண்ணீருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாங்கள் அதைத்தான் செம்பு செம்பாகக் குடித்தோம்.

எங்கட தலைமுறை கண்ட மானியம், பசளையைக் கொட்டுகிறவனுக்குக் கொடுத்த மானியம். அதை ஒருவரும் "சும்மா காசு" என்று சொல்லவில்லை. மூட்டை கண்ணுக்குத் தெரிந்ததால் அது உதவி என்று பட்டது. இங்கே அரசு கொடுப்பது, கொட்டாமல் மண்ணையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறவனுக்கு. மூட்டை இல்லை, ஆற்றங்கரையில் புல் நிற்கிறது. அதனால் அது சும்மா கிடக்கிறது என்று படுகிறது.

அது சும்மா கிடக்கிறதா என்று பார்ப்போம். கியூபெக் அரசு 2020 ஒக்டோபரில் ஒரு நிலைபேறான விவசாயத் திட்டத்தை வெளியிட்டது. பத்து வருடத் திட்டம். முதல் ஐந்து வருடத்துக்கு 12.5 கோடி டொலர். 2030க்குள் எட்ட வேண்டியவை என்று சில இலக்குகளை அதில் எழுதி வைத்தார்கள். அவற்றில் ஒன்று, வருடப் பயிர் வைக்கிற நிலத்தில் 75 விழுக்காடு குளிர்காலத்தில் வெறுமையாகக் கிடக்கக் கூடாது, பயிரோ தாளோ மூடியிருக்க வேண்டும் என்பது. விற்கிற கிருமிநாசினி, களைநாசினியில் 5 இலட்சம் கிலோவைக் குறைக்க வேண்டும் என்பது இன்னொன்று. 2022இல் இருந்து, இப்படிச் செய்கிறவருக்கு நிலத்தின் அளவுக்கேற்பக் கொடுப்பனவு வந்தது. சோளம் வெட்டிய பிறகு மூடுபயிர் விதைப்பது, களைநாசினியைக் குறைப்பது, ஓடைக் கரைப் பட்டியை அகலமாக்குவது, பூச்சிகளுக்கும் குருவிகளுக்கும் செடி வைப்பது ஆகியவற்றுக்கு.

பெயர்கள் பிரெஞ்சில் இருப்பதால் அந்நியமாகத் தெரிகிறது. மூடுபயிர் என்றால் எங்கட சணல். காற்றுத் தடுப்பு மரவரிசை என்றால் எங்கட பூவரசும் கிளுவையும் நின்ற வேலி. கரைப் பட்டி என்றால் வரம்போரம்.

அந்தக் கரைப் பட்டியைக் கொஞ்சம் அளந்து பாருங்கள். ஒரு கமக்காரரின் நிலத்தோரம் ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடை போகிறது. அவர் அந்தக் கரையில் 3 மீற்றர் கூடுதலாக விட்டால் 3,000 சதுர மீற்றர். ஏக்கரில் முக்கால், எங்கட கணக்கில் பன்னிரண்டு பரப்பு. பன்னிரண்டு பரப்புச் செம்மண்ணை உங்கட அப்பா கீழ் ஊரான் நல்ல தண்ணீர் குடிக்கட்டும் என்று சும்மா விட்டிருப்பாரோ? என்ர அப்பா விட்டிருக்க மாட்டார். விடுகிற நிலத்துக்கும் வரி உண்டு, வங்கிக் கடன் உண்டு. நிலம் குத்தகையென்றால் குத்தகைக் காசும் உண்டு. விதை வாங்கி விதைக்க வேண்டும். வளர்வதை வெட்ட வேண்டும். கன்று நட்டால் களை பிடுங்க வேண்டும். அது வேலை. வேலைக்குக் கொடுக்கிறதைக் கூலி என்று சொல்வதுதான் எங்கட வழக்கம்.

யாருக்காகச் செய்கிற வேலை என்று கேட்டால், எனக்கும் உங்களுக்கும். டொலார்ட்டில் நாங்கள் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் பியர்ஃபொன்ட்ஸ் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்து வருகிறது. அந்த நிலையம் டே பிரேரி ஆற்றில் அள்ளுகிறது. அந்த ஆற்றுக்குத் தண்ணீர் டூ-மொன்டான் ஏரியில் இருந்து. ஏரிக்கு ஒட்டாவா ஆற்றில் இருந்து. இரு கரையிலும் கமங்கள். சுத்திகரிப்பு நிலையம் அதைச் சுத்தம் செய்துதான் தருகிறது, பயப்பட வேண்டாம். ஆனால் மேலே மண்ணும் பசளையும் குறைவாகக் கலந்தால் கீழே சுத்தம் செய்கிற செலவும் குறையும். அந்த 12.5 கோடியை ஐந்து வருடத்துக்குப் பங்கிட்டால் வருடம் இரண்டரைக் கோடி டொலர். கியூபெக்கில் ஆளுக்கு மூன்று டொலர் வராது. எங்கட தேர்த் திருவிழாவில் ஒரு கச்சான் சரைக்குக் கொடுக்கிற காசு.

"காசு ஏன், சட்டம் போட்டுத் தடுத்தால் என்ன?" என்று அந்த மேசையில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சட்டம் போட்டுத் தடுத்த இரண்டு கதை எனக்குத் தெரியும். ஒன்று எங்களுக்குக் கிட்ட நடந்தது. மற்றது எங்கட நாட்டில்.

இங்கிருந்து மேற்கே அரை மணி ஓட்டத்தில் ஹட்சன் என்ற சின்ன ஊர். ஜூன் இர்வின் என்ற தோல் வைத்தியர் வருடக்கணக்காக நகரசபைக் கூட்டங்களுக்குப் போய், புல்வெளிக்கு அடிக்கிற மருந்தை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1991இல் ஊர் அதைத் தடைசெய்தது. மருந்தடிக்கிற கம்பனிகள் வழக்குப் போட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2001 ஜூனில் ஊர் வென்றது. பிறகு கியூபெக் மாகாணமே 2003இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்றைக்கு டொலார்ட்டில் எங்கட முற்றத்தில் மஞ்சள் டண்டலியன் பூக்கிறது என்றால் அந்த ஊருக்கும் அதில் பங்குண்டு. அதற்கு ஒருவருக்கும் நட்டஈடு கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையும் இல்லை. எங்களுக்குப் போனது புல்லின் அழகு மட்டும்.

இனி மற்றக் கதை. 2021 ஏப்ரல் கடைசியில் கோட்டாபய ராஜபக்ச அரசு, இனி நாடு முழுக்கச் சேதன விவசாயம் என்று அறிவித்தது. மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. பழக நாள் கொடுக்கவில்லை. மாற்றுப் பசளை போதிய அளவு இல்லை. குறைகிற விளைச்சலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் பதில் இல்லை. டொலர் தட்டுப்பாட்டை மண்ணின் பெயரால் மூடினார்கள் என்று பலர் சொன்னார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பெரும்போகம் கைவிட்டுப் போயிருந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்த நாடு வெளியில் அரிசி வாங்கியது. 2022 ஜனவரியில், பயிர் பாழான நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் நட்டஈடு என்று அறிவித்தார்கள். முதலில் கொடுத்திருக்க வேண்டிய காசு, வயல் செத்த பிறகு வந்தது. அந்த வருட ஆடியில் சனாதிபதியே நாட்டை விட்டு ஓடினார்.

ஊரில் நின்று தோட்டம் செய்த எங்கட அண்ணாவுக்கு அது இரண்டாவது தரம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யூரியாவும் இருந்தது. வெடிமருந்து செய்வார்கள் என்று வடக்குக்கு விடவில்லை. அண்ணா மறுபடியும் குழைக்குத் திரும்பினார். விளைச்சல் விழுந்தது, வயிற்றைக் கட்டித்தான் அந்த வருடங்கள் போயின. இங்கே இருந்துகொண்டு இயற்கை விவசாயம் என்று இனிக்க இனிக்கக் கதைக்கிறவர்களிடம் இதையும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டு கதையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நட்டம் ஒரு புல்வெளியின் அழகு என்றால் சட்டம் போதும். நட்டம் ஒரு குடும்பத்தின் சோறு என்றால், அந்த நட்டத்தில் பங்கு எடுக்காமல் கட்டளை மட்டும் போடுகிற அரசு கமக்காரனையும் கொல்லும், தன்னையும் கொல்லும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மண்ணையும் தண்ணீரையும் காக்கிறதுக்குக் கொடுக்கிற காசு பிச்சையும் இல்லை, பரிசும் இல்லை. அது கூலி. கூலி என்று ஒத்துக்கொண்டால், கூலிக்கு உள்ள நியாயமும் அதற்கு வேண்டும்: செய்த வேலைக்கு மட்டும் கொடுக்க வேண்டும், வேலை நடக்கிற காலம் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் உரும்பிராய் அண்ணையின் கோபத்தில் பாதியை நான் அவரோடு சேர்ந்து படுகிறேன். இந்தக் காசு எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது என்று நான் சத்தியம் பண்ணவில்லை.

கியூபெக்கில் ஆறு, ஓடைக் கரையில் குறைந்தது 3 மீற்றருக்கு உழக்கூடாது, மருந்தடிக்கக் கூடாது என்று ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. அது எல்லா இடத்திலும் மதிக்கப்படவில்லை என்பது கிராமப்புற வீதியால் கார் ஓட்டினாலே தெரியும். சோளம் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த 3 மீற்றருக்குக் காசு கொடுத்தால், அது களவு எடுக்காமல் இருந்ததற்குச் சம்பளம் கொடுத்த மாதிரி. காசு நாலாவது மீற்றரில் இருந்துதான் தொடங்க வேண்டும். சட்டம் போட்ட கோட்டைக் காவல் காக்கவும் வேண்டும், அதற்கு மேலே செய்கிறவனுக்குக் கூலியும் வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைச் செய்தால் ஒழுங்கானவன்தான் ஏமாளி.

அடுத்தது காலம். அமெரிக்காவில் 1985இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கரைந்து போகிற நிலத்தைப் பயிரில் இருந்து எடுத்துப் புல்லோ மரமோ வைத்தால் 10 முதல் 15 வருடம் வரை வாடகை. 2007இல் 3.6 கோடி ஏக்கருக்கு மேல் அதற்குள் இருந்தது. பிறகு சோள விலை ஏறியது. காங்கிரஸ் எல்லையையும் குறைத்தது. ஒப்பந்தம் முடிய முடிய உழவு இயந்திரம் இறங்கியது. 2016க்குள் இரண்டரைக் கோடிக்கும் கீழே வந்துவிட்டது. பத்து வருடம் கட்டிய மண்ணின் ஒரு பகுதி மறுபடியும் சோளத்துக்குக் கீழே போனது. பத்து வருட ஒப்பந்தத்துக்கே இந்தக் கதி என்றால், இங்கே பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் பெயர் மாறுகிற மூன்று வருட, ஐந்து வருடத் திட்டத்தை நம்பி எந்தக் கமக்காரர் மரம் நடுவார்? 2024 வசந்தத்தில் கியூபெக் கமக்காரர் உழவு இயந்திரங்களோடு வீதிக்கு வந்தபோது, வட்டியும் செலவும் கழுத்தை நெரிக்கிறது, அதற்கு மேலே படிவம் நிரப்பியே நாள் போகிறது என்றுதான் கத்தினார்கள்.

அடுத்தது பலன். வெனீஸ்-ஆன்-கெபெக்கில் நாங்கள் கடற்கரை என்று செல்லமாகச் சொல்கிற ஏரிக்கரைக்கு உங்களில் பலர் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள். அது ஷாம்ப்லேன் ஏரியின் மிசிஸ்குவா விரிகுடா. ஒரு ஆவணியில் இரண்டு கார் நிறையச் சாப்பாட்டோடு போய் இறங்கினோம். தண்ணீர் பச்சைப் பெயின்ற் ஊற்றின மாதிரி. குளிக்கக் கூடாது என்று பலகை. பேரன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. வயல்களில் இருந்து வடிகிற பொஸ்பரசைத் தின்று கொழுக்கிற நீலப்பச்சைப் பாசி அது. 2002 ஆகஸ்டில் கியூபெக்கும் வெர்மொண்டும் ஒப்பந்தம் போட்டன: விரிகுடாவில் பொஸ்பரசை லீற்றருக்கு 0.025 மில்லிகிராமுக்கு இறக்குவது. குறைப்பில் 60 பங்கு வெர்மொண்டுக்கு, 40 பங்கு கியூபெக்குக்கு. இரண்டு பக்கமும் காசு செலவழித்தார்கள். கமக்காரர் கரைப் பட்டி வைத்தார்கள், வடிகால் திருத்தினார்கள். ஆனால் பாசி இன்னும் கோடைக்குக் கோடை வருகிறது.

அதைக் கேட்டு, பார்த்தீர்களோ, காசு வீண் என்று சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஐம்பது அறுபது வருடமாக மண்ணுக்குள்ளும் விரிகுடாவின் அடிச் சேற்றுக்குள்ளும் ஏறின பொஸ்பரஸ் ஐந்து வருடத்தில் இறங்காது. வலிகாமத்துக் கிணற்றில் ஏறினதும் ஒரு மாரியோடு போகாது. நாள்பட்ட நோய்க்கு நாள்பட்ட மருந்து வேண்டும். இடையில் நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் நோயும் போகாது, மருந்துக் காசும் போகும்.

கடைசியாக, யாருடைய சொல்லைக் கேட்டு இந்தக் காசு செலவாகிறது என்பது. மருந்து விற்கிறவனே எவ்வளவு மருந்து தேவை என்று சொல்லும் ஊரில் மருந்து குறையாது. லூயி றொபேர் என்ற அரச விவசாய அதிகாரி, கிருமிநாசினி ஆராய்ச்சியில் தனியார் தலையீடு இருந்ததை வெளியில் சொன்னார். 2019 ஜனவரியில் அவரை வேலையில் இருந்து நிறுத்தினார்கள். ஊர் முழுக்க எழும்பிய பிறகு அதே வருடம் திருப்பி எடுத்தார்கள். கமக்காரருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு டொலருக்கும் பக்கத்தில், ஒன்றும் விற்காத ஒரு ஆலோசகர் நிற்க வேண்டும். அந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுக்கிற மக்கில் பல்கலைக்கழகத்து மக்டொனால்ட் வளாகம் எங்களுக்குப் பக்கத்தில் சென்-ஆன்-டெ-பெல்வியூவில்தான் இருக்கிறது. எங்கட பிள்ளைகள் எல்லாரும் வைத்தியரும் கணக்காளருமாக வேண்டும் என்று நிற்கிறோம். தோட்டக்காரப் பரம்பரையில் இருந்து இரண்டு பேராவது மண் படித்தால் என்ன?

உங்களிடம் நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி வேட்பாளரும் கோவிலுக்கு வருவார்கள். நாங்களும் மாலை போட்டுப் படம் எடுப்போம். அந்த நேரம் மூன்று கேள்வி கேளுங்கள். கமக்காரரோடு போடுகிற ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு? நாலாவது மீற்றருக்கா காசு, முதலாவது மீற்றருக்கா? ஆற்றுத் தண்ணீரை யார் அளக்கிறார்கள், அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரிய எங்கே போடுகிறார்கள்? தமிழ்ச் சனம் வந்து விசாவும் வேலையும் மட்டும் கேட்கும் என்று நினைத்து வருகிறவர், இந்தக் கேள்வியைக் கேட்டால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

கோடையில் டி சலபெரி வீதிச் சந்தைக்குப் போனால், விலையைக் கேட்ட பிறகு, குளிர்காலத்தில் உங்கட நிலத்தில் என்ன நிற்கும் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற கமக்காரரின் முகத்தைப் பாருங்கள். பிள்ளையின் படிப்பை விசாரித்த மாதிரி மலரும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தக் கறுப்பு மண் பக்கம் இப்போது ஒரு வேலை நடக்கிறது. லவால் பல்கலைக்கழகத்து மண் ஆய்வாளர்கள் அங்கத்தைய மரக்கறிக் கமக்காரரோடு சேர்ந்து, வில்லோ மரத்தையும் மிஸ்கந்தஸ் என்ற உயரப் புல்லையும் வெட்டி நொறுக்கி அந்த மண்ணுக்குள் கலந்து பார்க்கிறார்கள். வருடா வருடம் கரைகிறதை வருடா வருடம் ஈடு செய்யலாமா என்று. கமக்காரர் காசும் பொதுக் காசும் சேர்ந்துதான் அந்தச் செலவு. அதை முதல்முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அது குழை தாழ்க்கிறதுதானே!

அப்பாவின் கணக்குக் கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. அக்கா வந்தபோது கொண்டுவந்தது. விதை, இறைப்பு, கூலியாட்கள் என்று போகத்துக்குப் போகம் செலவு எழுதியிருப்பார். அந்தப் பக்கங்களில் குழை இல்லை. சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன், குழைக்குக் காசு கொடுத்தீர்களே, ஏன் அதில் எழுதவில்லை என்று. "அது இந்தப் போகத்துச் செலவில்லைப் பிள்ளை, அது மண்ணின்ர" என்றார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குழைக்குத் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தார். யூரியா வந்த பிறகு அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.

உரும்பிராய் அண்ணை, இந்த வெள்ளி நான் பாயசத்தோடு உங்கட மேசைக்கே வருகிறேன். கொப்பியும் கொண்டு வருகிறேன். அந்தக் கடைசிப் பக்கத்தை ஒருக்கால் பாருங்கள். பிறகு சண்டை பிடிப்போம்.

அன்புடன்,
கோப்பாய்த் தோட்டக்காரரின் மகள் ஒருத்தி
டொலார்ட்-டெஸ்-ஓர்மோ